பத்தோடு நிறுத்துவது யார்?

அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள மின்னசோட்டாவுக்கு 'பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம்' என்று செல்லப் பெயர். இதில் கொஞ்சம் தன்னடக்கம் உண்டு. 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. நடுக் குளிர்காலத்தில் இவற்றில் பலவற்றின் மேல் காரே ஓட்டலாம். அவ்வளவு கனத்தில் உறைந்து கிடக்கும். தெற்கே மார்ச் கடைசியில் இளகத் தொடங்கும் பனி, வடக்கே முழுதாக விலக ஏப்ரல் முடிந்துவிடும். சில ஆண்டுகளில் மே பிறந்தும் பனி மிதக்கும்.

பனி விலகியதும் முதலில் படகை இறக்குபவர்கள் கிராப்பி மீனுக்காக வருகிறவர்கள். மாநில மீன் என்ற கௌரவம் பெற்ற 'வால்ஐ'யைப் பிடிக்க மே மாத நடுவில்தான் அனுமதி. வெள்ளி உடம்பில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும் கிராப்பிக்கு, மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளில், தடைக்காலமே கிடையாது. அரை ஆண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்?

எங்கே தேடுவது என்பதிலும் பெரிய ரகசியம் இல்லை. ஏரியின் வடகரையில், ஆழம் குறைந்த, கறுப்புச் சேறு படிந்த ஒதுக்குப்புறம்தான் முதலில் சூடேறும். தெற்கிலிருந்து விழும் வெயில் அங்கே நேராகப் படுகிறது. வாடைக் காற்றைக் கரை தடுக்கிறது. கறுப்புச் சேறு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. நடு ஏரியைவிடத் தண்ணீர் சில டிகிரி கூடினால் போதும், பூச்சிப் புழுக்கள் உயிர்பெறும். அவற்றைத் தேடிப் பொடி மீன்கள் வரும். பொடி மீன்களைத் தேடிக் கிராப்பி வரும். ஒரு நாள் குளிர்காற்று வீசினால் கூட்டம் முழுவதும் மீண்டும் ஆழத்துக்குப் போய்விடும்.

கருவிகளும் எளியவை. மெல்லிய நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஈயத் தலை வைத்த சின்ன முள், அதில் ஒரு பொடி மீன். தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுத்தால் மீன் போய்விடும். கிராப்பியின் வாய் அவ்வளவு மெல்லியது. 'காகித வாய்' என்றே அதைச் சொல்கிறார்கள். மெதுவாகத் தூக்கத் தெரிந்தவருக்கே மாவில் புரட்டிப் பொரித்த வெள்ளைச் சதை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். தண்ணீரின் வெப்பம் 16 டிகிரி செல்சியசைத் தாண்டி 20ஐ நெருங்கும்போது இனப்பெருக்கம் தொடங்குகிறது. ஆண் மீன் உடம்பு கறுத்து, கோரை ஓரமாகத் தரையைத் துடுப்பால் துடைத்துக் கூடு அமைக்கிறது. பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு விலகிவிடுகிறது. காவல், ஆணின் பொறுப்பு. குஞ்சுகள் நீந்திப் போகும்வரை அது இடத்தைவிட்டு நகர்வதில்லை; நெருங்குவது எதுவானாலும் பாய்ந்து விரட்டுகிறது. தூண்டில் முள்ளையும்தான். ஆழ ஏரியில் நாள் முழுக்கத் தேட வேண்டிய மீன், இப்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓர் இடத்தில் நிற்கிறது. அதைத் தூக்கிவிட்டால், கூட்டில் உள்ள முட்டைகள் மற்ற மீன்களுக்கு விருந்து.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் பதில் ஓர் எண்: மாநிலத்தின் பொது விதிப்படி ஒருவருக்கு 10 கிராப்பி. சில ஏரிகளில் அதைவிடக் குறைவு. கிராப்பியின் பெருக்கம் சீரானதல்ல. ஓர் ஆண்டு ஏராளமாகக் குஞ்சு பிழைக்கும். பிறகு சில ஆண்டுகள் வெறுமையாகப் போகும். குளிர்ந்த வடபகுதியில் ஒரு கிராப்பி நல்ல அளவை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். பல ஆண்டுச் சேமிப்பை ஒரு வசந்தத்தில் செலவழித்துவிட முடியும்.

மிகையாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. வடக்கே உள்ள ரெட் லேக் பரப்பில் கடல் போல் விரிந்தது. அதன் மேற்பகுதியோ ஆழமே இல்லாதது. வலை, தூண்டில், திருட்டுத்தனம் என்று எல்லா வழியிலும் பிடித்ததில் 1990களில் அங்கே வால்ஐ மீன்வளம் நொறுங்கியது. 1997இல் ரெட் லேக் ஒஜிப்வே பழங்குடி மீனவர்கள் தாங்களாகவே வணிக மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1999இல் மாநில அரசும் தன் பகுதியில் தடை விதித்தது. கோடிக்கணக்கில் குஞ்சுகள் விடப்பட்டன.

வால்ஐ இல்லாத அந்த இடைவெளியில் அரசாண்டது கிராப்பி. 1990களின் மத்தியில் பிறந்த ஒரு தலைமுறை அபாரமாகப் பிழைத்து வளர, அதைப் பிடிக்க மாநிலமெங்கிலுமிருந்து கூட்டம் குவிந்தது. 2006இல் வால்ஐ மீன்பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டபோது கிராப்பியின் பொற்காலம் வடிந்துகொண்டிருந்தது. பழைய தலைமுறை பிடிபட்டும் மூப்பெய்தியும் தீர்ந்தது. அதே அளவில் இன்னொன்று எழவில்லை.

வால்ஐ திரும்பி வந்ததற்குக் காரணம், இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டதுதான். அப்படியொரு ஓய்வைச் சட்டம் கிராப்பிக்குத் தரவில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் சிலர் சட்டத்தைவிட ஒரு படி மேலே போகிறார்கள். கறுத்த ஆண் மீன் சிக்கினால், ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, சிக்கிய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சமையலுக்கு நடுத்தர மீன் நாலைந்து போதும் என்பது அவர்கள் கணக்கு.

பரந்து கிடக்கும் ஏரிகள் அத்தனைக்கும் காவலர் போட முடியாது. கோரை ஓரத்தில் ஆணைத் தவிர காவலுக்கு ஆளில்லை; படகில் இருப்பவரையும் அவர் மனசாட்சியைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. பதினொன்றாவது மீனின் தலையெழுத்தை முடிவு செய்வது அதுதான்.