பழைய போன் வாங்கலாமா? வயதைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்ததாக என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருப்பதில்லை. "கையில் இருந்த பணம் எல்லாம் கம்ப்யூட்டருக்கே போய்விட்டது. போன் மட்டும் பழையதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். பழைய போன் வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ஆனால் நம்மில் பலர் பழைய போனை வாங்கும்போது பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறோம். கீறல் இருக்கிறதா, கேமரா எத்தனை மெகாபிக்சல், வந்த புதிதில் என்ன விலை என்று கேட்கிறோம். அந்தப் போனுக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் இருக்கிறது என்று கேட்பதில்லை.

2025 டிசம்பர் கடைசியில் நடந்தது இது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, கன்டெய்னர் யார்டு ஒன்றில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். பிளஸ் ஒன் படிக்கும் தங்கைக்காக அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுக்க வேண்டும். அவருடைய போனோ திரை உடைந்து கிடந்தது.

"அண்ணா, ஒரு கடையில கேலக்ஸி எஸ்9 இருக்குதுணா. வந்தப்ப ஐம்பதாயிரத்துக்கு மேல வித்த போன். இப்ப ஆறாயிரத்துக்குத் தர்றேங்கிறாங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

அதே கடையில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கேலக்ஸி எம்34 என்ற போனும் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் பிளாஸ்டிக், பெயரிலும் பெருமை இல்லை.

நான் அவருக்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதைச் சொல்லும் முன், இந்தக் கணக்கை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு விலை கொடுத்தது என் அக்கா.

பழுதாகவில்லை, காலாவதியானது!

என் அக்கா காசிமேட்டில் சிறிய டிபன் கடை வைத்திருக்கிறார். 2019-ல் அவருக்கு நான்தான் ஒரு பழைய போன் வாங்கிக் கொடுத்தேன். 2015-ல் வந்த மாடல். நல்ல கம்பெனி, நல்ல திரை, நல்ல கேமரா. மலிவாக முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. கடையில் கியூ.ஆர். அட்டை வைத்து யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை.

2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. காசிமேட்டில் ஞாயிறு காலை எப்படிக் கூட்டம் இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பார்த்து பேங்க் ஆப் திறக்கவில்லை. 'உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இந்த ஆப் இனி இயங்காது' என்று மட்டும் செய்தி வந்தது. கியூ.ஆர். அட்டை வேலை செய்தது. வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பினார்கள். ஆனால் வந்ததா என்று பார்க்க அக்காவுக்கு வழியில்லை. அவரவர் நீட்டிய போன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் பேங்க்குக்குப் போய்க் கணக்கைப் பார்த்தபோது, எண்ணூறு ரூபாய்க்கு மேல் குறைந்தது. பணம் அனுப்பியதுபோலப் போலித் திரையைக் காட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் போனில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்கும் பேச முடிந்தது, படம் எடுக்க முடிந்தது. அது பழுதாகவில்லை, காலாவதியாகிவிட்டது. மருந்து அட்டையில் தேதி பார்க்கும் நாம், போனில் பார்ப்பதில்லை. ஏனென்றால் போனின் மேல் அந்தத் தேதி அச்சிடப்பட்டிருப்பதில்லை.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அதற்காக மறுநாள் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பவர் இல்லை. போனிலும் அதே கதைதான். முதலில் போன் தயாரித்த கம்பெனி பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்தும். பிறகு ஒவ்வொரு ஆப்பாகக் கைவிடும். 2025 மே மாதத்தில், ஐஓஎஸ் 15.1-க்குக் கீழான ஐபோன்களை வாட்ஸ்அப் கைவிட்டது. ஐபோன் 6-ல் ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏற்றவே முடியாது என்பதால், அதை வைத்திருந்தவர்களுக்கு வாட்ஸ்அப் போயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139 பதிப்பு, ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே உள்ள போன்களில் இயங்காது.

வகுத்துப் பாருங்கள்

இப்போது தம்பிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு. போனின் விலையை, அதற்கு இன்னும் எத்தனை மாதம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எம்34 இந்தியாவில் 2023 ஜூலையில் வந்தது. ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சாம்சங் அறிவித்தது. அப்படியானால் 2028 நடுப்பகுதி வரை. 2025 டிசம்பர் இறுதியிலிருந்து எண்ணினால் சுமார் 30 மாதங்கள். ஒன்பதாயிரத்தை முப்பதால் வகுத்தால் மாதம் 300 ரூபாய்.

எஸ்9 வந்தது 2018 மார்ச்சில். அதற்கான அப்டேட் 2022-லேயே நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் கம்பெனி கொடுக்கவில்லை. மீதி மாதங்கள் பூஜ்ஜியம். எந்த எண்ணையும் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆறாயிரம் என்பது மலிவான விலை அல்ல. அதற்கு விலையே கணக்கிட முடியாது.

பழையது என்பதற்காக நான் எதையும் ஒதுக்குபவன் அல்ல. எங்கள் பக்கத்து ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். 2005-ல் அதைப் புதுப்பித்தார்கள். இன்றும் அங்கே ரயில் நிற்கிறது. பராமரிக்க ஆள் இருக்கும் வரை பழையது பயன்படும். போனுக்கும் அதே விதிதான். ஐபோன் 11 வந்தது 2019-ல். 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 அதில் இயங்குகிறது. 2018-ல் வந்த எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எஸ். மாடல்களுக்கு அது கிடைக்கவில்லை. ஓராண்டு வித்தியாசத்தில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் என்று அந்தந்தக் கம்பெனிகளே அறிவித்திருக்கின்றன. இவை மூன்று, நான்கு வயதுப் போன்களாகக் கைமாறும்போதும் மிச்ச ஆயுள் இருக்கும்.

கம்ப்யூட்டர் இருப்பவருக்கு எந்தப் போன்?

இங்கே புதிய கம்ப்யூட்டர் உரிமையாளர்களுக்கு ஒரு லாபம் உண்டு. டைப் செய்வது, பாடம் பார்ப்பது, போட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் இனிக் கம்ப்யூட்டரில் நடக்கும். எனவே வேகமான பிராசசரும் பெரிய திரையும் கொண்ட விலையுயர்ந்த பழைய போன் உங்களுக்குத் தேவையில்லை. சாதாரணப் போன் போதும்.

ஆனால் ஒரு வேலை மட்டும் போனை விட்டு நகராது. ஓ.டி.பி. வருவதும், யு.பி.ஐ. இயங்குவதும் சிம் இருக்கும் போனில்தான். கம்ப்யூட்டரில் எவ்வளவு நல்ல ஆண்டி வைரஸ் போட்டாலும், சாவி போனில் இருக்கிறது. சாவியை ஓட்டைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு இரட்டைப் பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. அதனால்தான் கேமராவைவிட அப்டேட் முக்கியம் என்கிறேன்.

கடையில் பத்து நிமிடம்

1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக ராஜாஜி சாலையில் உருவான பர்மா பஜார் ஆகட்டும், உங்கள் தெருமுனைக் கடை ஆகட்டும், பழைய போன் வாங்கும் இடத்தில் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் தேதி. செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்' பகுதியைத் திறங்கள். அதில் 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்ற வரியில் ஒரு தேதி இருக்கும். சில போன்களில் 'செக்யூரிட்டி பேட்ச் லெவல்' என்று இருக்கும். கடைக்காரரின் இன்டர்நெட்டில் அப்டேட் தேடிப் பார்த்த பிறகும் அந்தத் தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் போனைக் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ஐ.எம்.இ.ஐ. எண். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று டயல் செய்தால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் ஆகிய மூன்று எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். திருடு போனதாகப் பிளாக் செய்யப்பட்ட போனா, அந்த எண் காட்டும் மாடலும் உங்கள் கையில் இருக்கும் மாடலும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும். பில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது பழைய கணக்கு. போனை முழுமையாக ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே உங்கள் கூகுள் கணக்கில் நுழையுங்கள். முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்டைக் கேட்டால், அந்தப் போன் உங்களுக்கு வேண்டாம்.

நான்காவது உப்பும் தண்ணீரும். இது நம் பகுதிக்கே உரியது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடற்காற்று சார்ஜிங் ஓட்டையைத்தான் முதலில் அரிக்கும். டார்ச் அடித்து உள்ளே பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். நனைந்து காய்ந்த போனும் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். பல போன்களில் சிம் தட்டு நுழையும் இடத்தில் ஒரு சிறு வெள்ளை ஒட்டு இருக்கும். அது சிவந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஐந்தாவது பேட்டரி. பின்பக்கம் புடைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஐபோனில் 'பேட்டரி ஹெல்த்' 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புதிய பேட்டரிக்கான செலவையும் விலையோடு கூட்டித்தான் அந்த வகுத்தல் கணக்கைப் போட வேண்டும்.

ஆறாவது நெட்வொர்க். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. எனவே 4ஜி வழியாகவே குரல் அழைப்பும் செல்லும் வோல்டி வசதி இல்லாத போனில் சாதாரணமாகப் பேச முடியாது. உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள், ஹாட்ஸ்பாட்டையும் சோதியுங்கள். 5ஜி இருந்தால் நல்லது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் பாடம் பார்க்க 4ஜியே போதும்.

அப்டேட் முடிந்த போன்களைக் குப்பையில் போடச் சொல்கிறேனா? இல்லை. உங்களிடம் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், சிம்மையும் பேங்க் ஆப்பையும் எடுத்துவிட்டு அலாரமாக, பாட்டுப் பெட்டியாக, கம்ப்யூட்டருக்கு வெப்கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதைப் பயன்படுத்துவது சிக்கனம். அதையே காசு கொடுத்து வாங்குவது சிக்கனம் அல்ல.

தம்பி கடைசியில் எம்34 வாங்கினார். அரை மனதோடுதான். "ஃப்ரெண்ட்ஸ் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலைணா" என்று இப்போதும் குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் இரவு ஷிப்ட் போகுமுன் போனை மேசையில் வைத்து ஹாட்ஸ்பாட் போட, தங்கை கம்ப்யூட்டரில் அன்றைய பாடங்களை டவுன்லோட் செய்துகொள்கிறாள்.

போன மாதம் அந்தப் போனுக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. என்னவென்று கேட்டுத் தம்பி என்னிடம் ஓடி வந்தார். "நீ கொடுத்த ஒன்பதாயிரத்துக்கு இந்த மாதத் தவணை வந்திருக்குதுப்பா, ஓகே கொடு" என்றேன்.