ஒத்திப்போடும் கையும் தன்னம்பிக்கையும்

பல் வைத்தியக் கல்லூரியிற் சேரும் மாணவரின் கையில் முதலாண்டிலேயே ஒரு மெழுகுக் கட்டி கொடுக்கப்படுகிறது. அதனைச் சிறு கத்தியாற் செதுக்கி, மேல்தாடையின் வெட்டுப்பல்லையோ, கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல்லையோ, அதனதன் மேடு பள்ளங்களுடன் உருவாக்குதல் வேண்டும். அதுகாறும் புத்தகத்தைப் படித்து, மனத்திற் பதித்து, நீட் தேர்வில் விடைகளைக் குறித்துப் பழகிய கை அது. கத்தி சற்றே வழுக்கினாலும் பல்லின் மேடொன்று உடைந்துபோகும்; புதுக் கட்டியை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வாறு இருமுறை உடைத்தவர், மூன்றாவது கட்டியை அன்றே எடுப்பதில்லை. நாளை செய்யலாமென்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். படிப்பின் எஞ்சிய ஆண்டுகளில் அவர் ஒத்திப்போடப் போகும் பலவற்றுள் அதுவே முதலாவது.

இப்பொருளைப் பற்றிச் சிந்திப்பதற்குப் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான நகரம் இந்தியாவில் அரிது. 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தம் சொந்த முயற்சியாற் கல்லூரியொன்றைத் தோற்றுவித்ததே நம் நாட்டில் பல் வைத்தியக் கல்வியின் தொடக்கமாகும். பல் வைத்தியர் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. பெங்களூரில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி 1958இல் நிறுவப்பெற்றது. பின்னர்த் தனியார் கல்லூரிகள் பல்கிப் பெருகின. 1996இல் அமைக்கப்பட்டு, அந்நகரிலேயே தலைமையிடம் கொண்ட ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் கீழ் அவை இயங்கி வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் மாணவர் அங்கு வந்து பயில்கின்றனர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாமையால் இத்துறைக்கு வந்தவரும் அவர்களிடையே உண்டு. தாம் விரும்பிய வாயில் தமக்குத் திறக்கவில்லை என்ற எண்ணத்துடன் கத்தியைப் பிடிக்கும் கைக்கு நடுக்கம் சற்று அதிகமாகவே இருக்கும்.

இம்மாணவர் காலங்கடத்துவது ஏன் என்று வினவினால், இரண்டு விடைகள் ஆயத்தமாக வருகின்றன. சோம்பல் என்பது ஒன்று. தன்னம்பிக்கைக் குறைவு என்பது மற்றொன்று. முதல் விடை பழையது. அதனால் எப்பயனும் விளைந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதற்கு மனோதத்துவ ஆராய்ச்சியின் ஆதரவு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் சாலமன், ராத்பிளம் என்ற இருவர் 1984இல், மாணவர் எதை எதை, எக்காரணத்தால் ஒத்திப்போடுகின்றனர் என்பதை அளக்க ஒரு வினாத்தாளை அமைத்தனர். தோல்வியைப் பற்றிய அச்சமும், வேலையின்மீதுள்ள வெறுப்புமே அவர்கள் கண்ட முக்கியக் காரணங்கள். கானடா நாட்டுப் பேராசிரியர் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தார். வேலையின்மீது வெறுப்பு, பலன் வெகு தொலைவிலிருத்தல், மனத்தின் அவசரத் தூண்டல்கள் ஆகியவற்றுடன், தன் செயல்திறனில் நம்பிக்கையின்மையும் காலங்கடத்தலுடன் வலுவாகத் தொடர்புற்றிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

எனினும், தொடர்பு வேறு, காரணம் வேறு. வினாத்தாளில் ஒரே நாளில் இரண்டையும் அளந்தால், நம்பிக்கை குறைந்தமையால் வேலை தள்ளிப்போயிற்றா, வேலை தள்ளிப்போனமையால் நம்பிக்கை குறைந்ததா என்பது புலப்படாது. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான், கல்லூரிகளில் ஆண்டுக்கொருமுறை பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, தன்னம்பிக்கை என்னும் தலைப்பில் சொற்பொழிவு நடத்திவிட்டு, கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர். மாணவரும் கைதட்டிவிட்டுக் கலைகின்றனர். மெழுகுக் கட்டி பெட்டியிலேயே கிடக்கிறது.

செயல்திறன் நம்பிக்கை என்ற கருத்தை 1977இல் வகுத்துரைத்த ஆல்பர்ட் பண்டூரா, அது நான்கு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னையொத்த பிறர் செய்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலும் உள்ளமும் அப்போது இருக்கும் நிலை என்பன அவை. இவற்றுள் செய்து முடித்த அனுபவமே வலிமை மிக்கது. ஊக்கமொழியின் வலிமை அதற்கு நெடுந்தூரம் பின்னிற்பது. ஆகவே, நம்பிக்கை பிறந்தபின் வேலையைத் தொடங்கலாமெனக் காத்திருப்பது, நீந்தக் கற்றபின் நீரில் இறங்குவேன் என்பதற்கு ஒப்பாகும். பத்தாவது பல்லைச் செதுக்கி முடித்தவருக்குப் பதினொன்றாவதில் இயல்பாக வரும் நம்பிக்கையை, எச்சொற்பொழிவாளராலும் ஒரு மணி நேரத்தில் ஊட்டிவிட இயலாது.

காலங்கடத்துதல் யாவும் மாணவரின் குற்றமன்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவர் நோயாளிகளிடம் பணியாற்றுகிறார். இத்தனை பற்களை எடுத்தல், இத்தனை குழிகளை அடைத்தல், இத்தனை பேருக்குப் பற்களைச் சுத்தஞ்செய்தல், இத்தனை முழுப் பல்செட்டுகள் எனக் கணக்கு உண்டு. ஆசிரியரின் கையொப்பம் பெற்றால்தான் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். முழுப் பல்செட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோர் படும் பாடே போதுமான உதாரணம். முதல் அச்சு, இறுதி அச்சு, தாடைகளின் பொருத்தத்தை அளத்தல், மெழுகிற் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்த்தல், செட்டை ஒப்படைத்தல் என்று நோயாளி ஐந்து முறையேனும் வரவேண்டும். அவரோ பற்களனைத்தையும் இழந்த முதியவர். நகரத்தின் ஒரு கோடியிலிருந்தோ, அயலூரிலிருந்தோ பஸ் ஏறி வருபவர். மூன்றாம் முறைக்குப் பின் மழை பெய்தால், மகனுக்கு ஓய்வில்லாவிடில், கையிற் காசில்லாவிடில், அவர் வருவதில்லை. மாணவர் வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறார். அவ்வாரத்தில் அவரது கணக்கு நகரவில்லையென்றால் அதற்குச் சோம்பல் எனப் பெயரிடுவது நியாயமாகாது.

ஆனால், ஐந்து முறை வரவேண்டிய வேலையைப் பரீட்சைக்கு ஆறு வாரங்கள் இருக்கையில் தொடங்குபவரின் நிலை வேறு. அவர் நோயாளியின் வரவை நம்பித் தம் படிப்பையே பணயம் வைக்கிறார். இறுதி வாரங்களில் மருத்துவக் கூடத்திற் காணப்படும் காட்சி இத்துறையினர் யாவரும் அறிந்ததே. ஒரே நாற்காலிக்கு மூவர் போட்டியிடுவர். உறவினரையும் விடுதிப் பணியாளரையும் நோயாளிகளாக அழைத்து வருவர். ஆசிரியர் கையொப்பமிட்டே களைத்துப்போவார். செய்த வேலையைப் பார்த்து, இவ்விடத்திற் பிழை, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கூற ஆசிரியருக்கும் நேரமில்லை. கேட்க மாணவருக்கும் நேரமில்லை. கணக்கு நிறைகிறது, கை பழகுவதில்லை.

சட்டப் படிப்பிலோ கணக்குப் படிப்பிலோ காலங்கடத்துபவர் பெரும்பாலும் தமக்கே தீங்கிழைத்துக் கொள்கிறார். இங்கு நிலைமை அவ்வாறன்று. பல்லைத் துளைக்கும் காற்றுச்சுழற் கருவி நிமிடத்திற்கு 3,00,000 சுற்றுகளுக்குமேல் சுழல்வது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது. மெழுகு உடைந்தால் வேறு கட்டி உண்டு. பொம்மைத் தலையிற் பொருத்திய பல் உடைந்தால் வேறு பல் உண்டு. இரண்டாமாண்டில் அப்பொம்மைத் தலையில் செய்திருக்க வேண்டிய தவறுகளைச் செய்யாமல் தப்பியவர், அவற்றை நான்காமாண்டில் உயிருள்ள வாயிற் செய்கிறார்.

இதிலே மற்றோர் ஆபத்தும் உண்டு. இறுதி இருவாரங்களில் யாவற்றையும் முடித்துத் தேர்ச்சியும் பெற்றவருக்கு ஒருவகைத் தன்னம்பிக்கை பிறக்கிறது. நெருக்கடியிலேதான் தம் கை நன்கு ஓடுகிறது என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். நம்பிக்கையற்றவருக்காக இரங்குவோர், இவரைக் கவனிப்பதில்லை. நோயாளியின் நாற்காலியிலிருந்து பார்த்தால், நடுங்கும் கையைவிட இக்கையே அஞ்சத்தக்கது.

இதற்குப் பரிகாரம் யாது? ஏரியலி, வெர்டன்புரோக் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட பரிசோதனையொன்று ஈண்டுப் பயன்படும். மூன்று கட்டுரைகளைப் பிழைதிருத்தும் வேலையை மூன்று குழுவினருக்குத் தந்தனர். ஒரு குழுவினருக்குச் சம இடைவெளியில் மூன்று கெடுக்கள். ஒரு குழுவினர் தாமே கெடுக்களை வகுத்துக்கொண்டனர். மற்றவருக்கு இறுதியில் ஒரே கெடு. முதற்குழுவினர் மிகுதியான பிழைகளைக் கண்டனர். இறுதிக் கெடு மட்டும் பெற்றவர் மிகக் குறைவாகவே கண்டனர். ஆண்டு முடிவில் ஒரே கெடு வைக்கும் கல்லூரி, இவற்றுள் மிக மோசமான ஏற்பாட்டையே தேர்ந்துகொண்டிருக்கிறது எனலாம். முழுப் பல்செட்டு ஆண்டின் முதல் மூன்றாம் பகுதிக்குள் தொடங்கப்படல் வேண்டும், மெழுகுப் பற்கள் வாரத்திற்கு ஒன்றாக மேசைக்கு வருதல் வேண்டும் என விதித்தால், மாணவரின் சுதந்திரம் குன்றும் என்பாருண்டு. வளர்ந்தவரைச் சிறுவர் போல் நடத்துவதா என்ற வினா மதிக்கத்தக்கதே. ஆயினும் அவ்வினாவைக் கேட்பவர், நாற்காலியிற் படுத்திருப்பவரின் சம்மதத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியருக்கு இதனால் வேலை கூடும். அதை மறைப்பதிற் பயனில்லை. வாரந்தோறும் பார்ப்பது, ஆண்டிறுதியிற் கையொப்பமிடுவதினும் கடினம். உடைந்த பல்லைக் கொண்டுவருபவரை நோயாளியின் முன்னிலையிற் கடிந்துரைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அவ்வாறு ஒருமுறை கடியப்பட்டவர் அடுத்த வேலையை ஆசிரியர் விடுப்பிலிருக்கும் நாளுக்கே ஒத்திவைப்பார். கானடாவில் ஓல், பிச்சில், பென்னட் என்போர் 2010இல் கண்டது இவ்விடத்திற் கருதத்தக்கது: முதற் பரீட்சைக்குப் படிக்காமற் காலங்கடத்திய மாணவருள், தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர் அடுத்த பரீட்சைக்கு அவ்வளவாகக் காலங்கடத்தவில்லை.

செலவில்லாத சிறு ஏற்பாடொன்றும் உண்டு. முதலாண்டிற் செதுக்கிய முதற் பல்லை, அது எவ்வளவு கோணலாயிருப்பினும், மாணவர் எறிந்துவிடாமல் தேதியிட்டு வைத்துக்கொள்ளச் செய்யலாம். ஆறு மாதங்களுக்குப் பின் செதுக்கியதை அதனருகே வைத்துப் பார்க்கும்போது, ஆசிரியர் யாதும் சொல்ல வேண்டியதில்லை.