பெற்ற பிள்ளையைத் தெருவில் தள்ளாதே!

முகப்பேர் என்ற ஊர்ப்பெயர் ‘மகப்பேறு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்லுவார்கள். ஊரில் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு ஜனங்கள் வருகிறார்கள். வரட்டும், வேண்டிக்கொள்ளட்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி.

தவமிருந்து பெற்ற பையன், பன்னிரண்டு வயதில் அக்காளின் தாவணியைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். அப்போது அவன் யார் பிள்ளை? பெண்ணாகப் பிறந்த குழந்தை, பாவாடை வேண்டாம், பின்னல் வேண்டாம், கிராப்பு வெட்டிவிடு என்று அடம்பிடிக்கிறது. இன்னொரு பிள்ளை, “நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, என்னை ஏன் இழுக்கிறீர்கள்?” என்று கேட்கிறது. நேற்றுவரை வரமாக இருந்த பிள்ளை இன்று சாபமாகிவிடுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் ஆவடியிலும் ஷிப்டு முடிந்து திரும்பும் தோழர்களே! சிக்னலில் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கையைத் தினமும் பார்க்கிறீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர் வானத்திலிருந்து குதித்தவரா? அவரும் ஒரு வீட்டில் பிறந்தவர். ஒரு தாயிடம் பால் குடித்தவர். அந்த வீட்டுக் கதவை அவர் முகத்தில் அறைந்து சாத்தியது யார்? அதைக் கேட்காமல் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

அடித்தால் மாறுமா?

“நாலு போடு போட்டால் சரியாகிவிடும்” என்கிறார்கள். எத்தனை வீட்டில் பெல்ட்டு பிய்ந்திருக்கிறது! எத்தனை பிள்ளைக்குச் சூடு போட்டிருக்கிறார்கள்! மாறியதா? பிள்ளை மாறவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறியது. ரயில் ஏற வழியில்லாத பிள்ளை கயிற்றைத் தேடியது. அடி கண்ட பலன் இதுதான்.

அடி பலிக்காவிட்டால் மந்திரவாதி. மந்திரவாதி பலிக்காவிட்டால் ‘குணப்படுத்துகிறேன்’ என்று பீஸ் வாங்கும் டாக்டர். கூலிக்காசு கரைகிறது, பிள்ளையும் கரைகிறது. வியாதி இருந்தால் அல்லவா மருந்து? உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், இதை மனநோய்க் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட ‘மாற்றும் வைத்தியம்’ கூடாது என்று சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். அந்த வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்குக்கு மாறான குற்றம் என்று 2022-ல் தேசிய மருத்துவக் கமிஷனும் அறிவித்தது. இதற்குப் பிறகும் ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று ஒருவன் கையை நீட்டினால் அவன் வைத்தியன் அல்ல, வழிப்பறிக்காரன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2016-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தாங்கள் உணர்ந்த பாலிலேயே வாழும்படி வீட்டார் ஆதரித்த 73 குழந்தைகளைப் பார்த்தார்கள். மனச்சோர்வில் அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் இருந்தார்கள். இதிலிருந்து விளங்குவது என்ன? பிள்ளையைத் தின்பது அதன் இயல்பு அல்ல, நாலு பக்கமும் விழும் கல்லடிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவோம. தாவணி சுற்றிய பையன்கள் எல்லாரும் திருநங்கையாவதில்லை. கிராப்பு வைத்த பெண்கள் எல்லாரும் திருநம்பியாவதில்லை. சிலர் ஆவார்கள். சிலர் ஆணாகவோ பெண்ணாகவோ வளர்வார்கள். சிலர் எந்தப் பக்கமும் சேராமல் நிற்பார்கள். எது என்பதைப் பிள்ளை காலப்போக்கில் சொல்லும். அதுவரை சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காது கொடுத்துக் கேட்பதுதான் பெற்றவர் வேலை. முடிவு கட்டுவது அல்ல!

‘வெளிநாட்டுச் சரக்கு’ என்ற புளுகு

“இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட பழக்கம்” என்று பிரசாரம் செய்கிறார்கள் கலாசாரக் காவலர்கள். அப்படியா? தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கட்டும். இவர்களைக் குறிக்கும் ‘பேடி’ என்ற சொல்லுக்கு அங்கே இலக்கணம் இருக்கிறது. அதை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது தமிழ் இலக்கணம். மக்களோடு மக்களாக வைத்தது! இன்று மேடையில் தமிழ்ப் பெருமை பேசிவிட்டு, தெருவில் திருநங்கையை ‘அது’ என்கிறவன், தமிழுக்கே துரோகம் செய்கிறான்.

வெளிநாட்டிலிருந்து உண்மையிலேயே வந்தது எது தெரியுமா? வெறுப்பைச் சட்டமாக்கும் வித்தைதான். 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வாரிசான 1911 சட்டத்தின் பெயரால்தான், பெருங்காமநல்லூரில் 1920-ல் கைரேகை வைக்க மறுத்த ஜனங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த 1871 சட்டத்தின் இரண்டாம் பாகம் யாரைக் குறிவைத்தது? வடஇந்தியாவின் ஹிஜ்ராக்களை! அவர்கள் பெயரையும் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. பெண்ணுடையில் தெருவுக்கு வந்தால் வாரண்டு இல்லாமல் கைது செய்யச் சொன்னது. உழவன் கையில் மை தடவிய அதே கைதான் இவர்கள் கழுத்தையும் பிடித்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் விட்டுப்போன லத்தியை நம் வீட்டு அப்பன்மார் கையில் எடுப்பதா?

கூவாகத்தில் திருநங்கை கையால் ஆசீர்வாதம் வாங்குகிறார்கள். புதுக்கடை திறந்தால் அவரைக் கூப்பிட்டுத் திருஷ்டி கழிக்கிறார்கள். தன் வீட்டில் ஒரு பிள்ளை என்றால் மட்டும் குடும்ப மானம் கப்பலேறிவிடுகிறதாம்! இது என்ன வேஷம்?

பள்ளிக்கூடத்தின் வாசலில்

தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் குடும்பத்தில் பிறந்த கிரேஸ் பானு, பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு கலக்கவிடாமல் ஒதுக்கப்பட்டவர். ஜாதி ஒரு பக்கம் தீண்டாதே என்றது. பால் மறுபக்கம் தீண்டாதே என்றது. அவர் விடாமல் போராடி இன்ஜினீயரிங் கல்லூரிக்குள் நுழைந்தார். மதுரை நர்த்தகி நடராஜ் வீட்டில் இடமில்லாமல் சிறுவயதிலேயே வெளியேறியவர். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்றார்; 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பிரித்திகா யாசினி சேலத்து வீட்டை விட்டு வந்து, ஹைகோர்ட் படியேறி, 2017-ல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.

“பார், அவர்கள் ஜெயிக்கவில்லையா?” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே! அவர்கள் ஜெயித்தது வீட்டையும் ஊரையும் எதிர்த்து. ஜெயித்தவர் பெயர் பேப்பரில் வருகிறது. பாதி வழியில் விழுந்த பிள்ளைகளின் பெயரை எந்தப் பேப்பர் போட்டது?

பள்ளி கல்லூரிகளில் இவர்களைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2006 டிசம்பரிலேயே உத்தரவு போட்டது. பெற்றோர்-ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பேசிப் புரியவைக்க வேண்டும் என்று 2021-ல் ஹைகோர்ட் சொன்னது. அதே வருஷக் கடைசியில் மத்திய சர்க்காரின் கல்வி ஆராய்ச்சி ஸ்தாபனமான என்.சி.ஈ.ஆர்.டி. ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. உடனே குழந்தைகள் உரிமைக்கான தேசியக் கமிஷன் ஆட்சேபம் கிளப்பியது; கையேடு மறைந்தது! குழந்தைகளைக் காக்க ஏற்பட்ட கமிஷன் எந்தக் குழந்தையைக் காத்தது?

2011 ஜனத்தொகைக் கணக்கில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற இரண்டிலும் சேராமல் பதிவானவர்கள் 4,87,803 பேர். இவர்களில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்கள் கண்ணில் படாதவர்கள் அல்ல, கணக்கிலேயே இருக்கிறவர்கள்.

ஏழைப் பிள்ளைக்கு எது கதி?

பங்களாக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறை உண்டு, பெரிய டாக்டர் உண்டு, வெளிநாட்டுப் படிப்பு உண்டு. அங்கேயும் கண்ணீர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, களத்துமேட்டில் கூலி வாங்கும் விவசாயத் தொழிலாளி பிள்ளைக்கு வீடு ஒன்றுதான் அரண். அந்த அரண் இடிந்தால் மிச்சமிருப்பது பிச்சையும் உடல் விற்பனையும் போலீஸ் அடியும். படிப்பு போனால் வேலை போச்சு. வேலை போனால் மரியாதை போச்சு. பிறகு அதே ஊர் சொல்லும்: “இவர்கள் உழைக்க மாட்டார்கள்” என்று!

சட்டம் வெறும் காகிதமாகக் கிடக்கலாமா? திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றவரிடமிருந்து கோர்ட் உத்தரவின்றிப் பிரிக்கக்கூடாது என்றது 2019-ல் நிறைவேறிய மத்தியச் சட்டம். வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்றது. ஆனால் வீட்டார் கைவிட்டால் போக்கிடம் எங்கே என்பதற்கு, ‘மறுவாழ்வு மையம்’ என்ற ஒற்றை வார்த்தையோடு நின்றுவிட்டது. சட்டம் எழுதியவர்களுக்கு அடைக்கலம் தெரிந்தது; அன்பு தெரியவில்லை.

ஆண் பெண் என்று வகுக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் சிசுக்களுக்கு அவசரக் கத்தி வைக்கக்கூடாது என்று மதுரைக் கிளை ஹைகோர்ட் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய அந்த ஆபரேஷன் கூடாது என்று அதே ஆகஸ்டில் தமிழ்நாடு தடை போட்டது. குழந்தையின் உடம்பு குழந்தைக்கே சொந்தம் என்பது இதன் சாரம். உடம்புக்குச் சரியான நியாயம் மனசுக்குச் சரியில்லையா?

செய்ய வேண்டியது என்ன?

தகப்பன்மார்களே, கையை ஓங்காதீர்கள்! தாய்மார்களே, “ஊர் என்ன சொல்லும்” என்று பிள்ளையை ஒளிக்காதீர்கள்! ஊர் வந்து சோறு போடப் போவதில்லை. பிள்ளை எந்தப் பெயரால் கூப்பிடச் சொல்கிறதோ அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். காசா, பணமா? பள்ளியில் கேலி நடந்தால் பிள்ளையை நிறுத்தாதீர்கள். ஹெட்மாஸ்டர் முன் போய் நில்லுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நாலு தொழிலாளிகள் சேர்ந்து போங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை அடிபட்டால் ‘அவர்கள் வீட்டு விஷயம்’ என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். 1098 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள்.

ஆலையில் ஒரு தோழனை வேலையிலிருந்து நீக்கினால் கேட்டில் கூடி நிற்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு பிள்ளையை வீட்டிலிருந்தே நீக்கும்போது வாய் மூடியிருக்கலாமா? கேட்போம். ஒவ்வொரு தெருவிலும் கேட்போம். பிள்ளை எதுவாக இருந்தாலும் பிள்ளைதான். கதவைத் திற!