ரோஸி மறைந்து வாழ்ந்த மண்ணில் இந்தப் படங்கள் ஓடட்டும்!

சென்னையில் சில ஆண்டுகளாக ஏப்ரல் மாதத்தில் ஒரு படவிழா நடந்து வருகிறது. நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் அந்த விழாவுக்கு பி.கே. ரோஸி திரைப்பட விழா என்று பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பிப்ரவரியைத் தங்கள் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். அதைப் பார்த்து 2015 முதல் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாக அனுசரிக்கும் வழக்கம் நம் நாட்டில் பிறந்தது. அந்த மாதத்தில்தான் இந்த விழாவும் நடக்கிறது.

இரணியலில் இருக்கும் நமக்கு இந்த விழாவில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை உண்டு. விழாவுக்குப் பெயர் தந்த பெண் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தவர்.

ரோஸி புலையர் குலத்தில் பிறந்தவர். புல்லறுத்துப் பிழைத்தவர்; காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடியவர். நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல், 1920களின் கடைசியில், நிலத்தை விற்று மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தபோது ரோஸியைக் கதாநாயகியாக்கினார். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். அதுவே குற்றமாகிவிட்டது! திருவனந்தபுரம் காப்பிடல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டபோது மேல்ஜாதி வெறியர்கள் திரைமீது கல்லெறிந்தார்கள். ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிருக்குப் பயந்து ஒரு லாரியில் ஏறித் தப்பிய அந்தப் பெண், லாரி ஓட்டியவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் காலம் தள்ளினார். மறுபடி காமிராவின் முன் நிற்கவேயில்லை. டேனியலும் கையிலிருந்ததையெல்லாம் இழந்து, 1975ல் அகஸ்தீஸ்வரத்தில் ஏழையாகவே இறந்தார். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று மிஞ்சவில்லை.

கல்குளம், இரணியல் பகுதிப் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்டுப் போராடிய பிறகுதான் 1859ல் திருவிதாங்கூர் மன்னர் இறங்கி வந்தார். அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்தும், ஒரு புலையர் பெண் திரையில் நாயர் பெண்ணின் உடையில் தோன்றியதை அந்தச் சமுதாயம் பொறுக்கவில்லை. நிஜத்தில் மட்டுமல்ல, நிழலில்கூட எவர் எந்த ஆடை உடுத்துவது என்று மேலே இருப்பவன்தான் தீர்மானிப்பான்! சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். வெறும் பொழுதுபோக்குக்கா குடிசையைக் கொளுத்தினார்கள்?

அடக்கப்பட்டவர்கள் தாங்களே காமிராவைக் கையிலெடுத்து எடுத்த படங்களை நாம் தேடிப் பார்க்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான். லட்சம் கோடி என்று முதல் போட அவர்களிடம் பணமில்லை. ஆகவே பல சமயம் குறும்படமாகவே எடுக்கிறார்கள். அதுவும் நமக்கு நல்லதே. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கு மூன்று மணி நேரம் ஏது? அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணிக்குத் தகுந்த நான்கு படங்களை இங்கே சொல்கிறோம்.

முதலாவது, ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1963ல் எடுத்த ‘போரோம் சாரெட்’. செம்பேன் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். பிறகு மாஸ்கோ சென்று சினிமாத் தொழில் கற்றவர். இருபது நிமிஷப் படம். டாக்கர் நகரத்துக் குதிரை வண்டிக்காரர் ஒருவரின் ஒரு நாள் பிழைப்புதான் கதை. ஏறுகிறவர்களில் பலர் கூலி கொடுப்பதில்லை. கிடைத்த காசும், முன்னோர் பெருமையைப் பாடிப் புகழ்கிறவன் கைக்குப் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் வசித்த மேட்டுப் பகுதிக்குள் வண்டி போகக்கூடாது. போனதற்காகப் போலீஸ்காரர் வண்டியையே பறித்துக்கொள்கிறார். சுதந்திரம் வந்து மூன்று ஆண்டுகளான நாட்டின் கதை இது. கொடி மாறினால் மட்டும் போதுமா என்று படம் கேட்கிறது.

இரண்டாவது, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி மேடலின் ஆண்டர்சன் 1970ல் எடுத்த ‘ஐ ஆம் சம்படி’. ‘நானும் ஒரு மனுஷி’ என்று நாம் சொல்லலாம். சார்ல்ஸ்டன் நகரில் 1969ல் ஆஸ்பத்திரித் தொழிலாளர் நானூறு பேர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கி ஏந்திய படை தெருவில் நின்றது, அவர்கள் கலையவில்லை. வேலை நீக்கப்பட்டவர்களை நிர்வாகம் திரும்ப எடுத்தது, கூலியும் உயர்ந்தது. அரை மணி நேரப் படம். நம் முந்திரி ஆலைப் பெண்கள் ஒவ்வொருவரும் இதைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே எடுத்த ‘பாவ்சாசா நிபந்த்’. மழையைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் பையனுக்கு உத்தரவு. வீட்டிலோ மழை கூரை வழியே உள்ளே கொட்டுகிறது! மழையின் அழகை அவன் எங்கே உட்கார்ந்து எழுதுவான்? 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில், கதைப்படமல்லாத பிரிவில் சிறந்த இயக்குநர் விருது இதற்குக் கிடைத்தது. ஆடி மாதச் சாரலும் ஐப்பசி அடைமழையும் கண்ட நம் விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, நீரஜ் கேவான் இந்தியில் எடுத்த ‘கீலி புச்சி’. 2021ல் வந்த ‘அஜீப் தாஸ்தான்ஸ்’ என்ற தொகுப்பில் ஒரு பகுதி. மற்றவற்றைவிடச் சற்று நீளம். ஆலையில் எந்திரத்தின் முன் நிற்கும் தலித் பெண் பாரதிக்கு மேசை வேலைக்குத் தகுதியிருக்கிறது. அந்த வேலை புதிதாக வந்த மேல்ஜாதிப் பெண்ணுக்குப் போகிறது. இருவரும் நெருங்கிப் பழகிய பின்னும் ஜாதி விடுவதில்லை. அந்த வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு கோப்பை, பாரதிக்கு வேறு டம்ளர்!

ஜாதியைப் பேசினால் தொழிலாளர் ஒற்றுமை குலையாதா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். ஒற்றுமையைக் குலைப்பது அந்தத் தனி டம்ளர். அதைத் திரையில் காட்டுகிறவரல்ல. ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறவர்கள் ஒரே கோப்பையில் குடிக்காதவரை சங்கத்தின் பலம் பாதிப் பலம்தான்.

சென்னை விழாவுக்குப் போய்வர நமக்கு இரண்டு மூன்று நாள் கூலி நஷ்டம். ஆகவே விழாவை இங்கே கொண்டுவருவோம். சங்க அலுவலகமோ ஊர் நூலகமோ போதும். சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, வாடகைக்கு ஒரு புரொஜெக்டர். படத்தை எடுத்தவர்களிடமும் உரிமை உள்ளவர்களிடமும் முறையாக அனுமதி கேட்போம். பாஷை புரியாதே என்று தயங்க வேண்டாம். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னார். படித்த இளைஞர் ஒருவர் இன்றும் அப்படிச் சொல்லட்டும். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேசுவோம். பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும்; முதலில் அவர்கள் பேசட்டும்.

2023 பிப்ரவரி 10ந் தேதி கூகிள் தன் முகப்பில் ரோஸியின் சித்திரத்தை வெளியிட்டது. உலகம் பார்த்தது. அவர் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்த ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? பார்ப்பாரில்லாத படம் அழியும்; ரோஸியின் படம் அழிந்தே போய்விட்டது. இனி ஒரு படமும் அப்படி அழிய விடலாகாது. வரும் ஏப்ரலில், இரணியலிலும் நாகர்கோவிலிலும், ராஜம்மாள் என்றல்ல, ரோஸி என்ற பெயரிலேயே, இந்தப் படங்கள் ஓடட்டும்!