நிறம் மாறினால் மட்டும் போதுமா?

நோயைக் கண்டறிவதற்கான செலவு நோயை விடவும் சுமையாகிவிடக் கூடாது. ஆனால், மலையகத்தில் அதுவே நடந்தது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனியார் துறையில் பீ.சி.ஆர். பரிசோதனைக்கு 6,500 ரூபாவும் துரித அன்டிஜன் பரிசோதனைக்கு 2,000 ரூபாவும் உச்சக் கட்டணங்களாக அறிவிக்கப்பட்டன. அரச பரிசோதனைக்குக் காத்திருக்க இயலாத தொழிலாளி, தமக்குக் கொவிட் உண்டா என்பதை அறிய ஆறரை நாள் உழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றக்கூடிய தொழில்நுட்பம் புதியதல்ல. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லாம்ப்' முறையில், வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் என்ற ஒரே வெப்பநிலையில் ஒரு மணித்தியாலத்திற்குள் பல மடங்காகப் பெருக்கப்படுகின்றது. அவ்வேளை உண்டாகும் அமிலத்தன்மையால், சாயம் கலந்த கரைசல் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும். விலையுயர்ந்த பீ.சி.ஆர். இயந்திரம் இதற்குத் தேவையில்லை. கால்நடைகளைத் தாக்கும் கால்வாய் நோய்க்கும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் இம்முறையிலான பரிசோதனைகள் உருவாக்கப்பட்டுள்ளன. பின்னைய நோய் 2024 இல் நமது நாட்டிலும் உறுதிசெய்யப்பட்டமை நினைவிருக்கும்.

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களுக்கு இதன் பயன் பெரிது. நெருக்கமான லயன் அறைகளில் ஒருவருக்கு வந்த தொற்று அயல் வீடுகளை எட்ட நெடுநாள் செல்லாது. பசு வளர்த்துப் பால் விற்கும் குடும்பத்திற்கு மாட்டின் நோய் வருமானத்தின் இழப்பாகும். மாதிரிகளைத் தொலைதூர ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே நோய் பரவிவிடுகின்றது.

எனினும், மலிவு என்பதற்காக எச்சரிக்கையைக் கைவிடலாகாது. மாதிரியிலேயே அமிலத்தன்மை இருந்தால் வைரஸ் இல்லாமலும் நிறம் மாறக்கூடும். பரிசோதனை முடிவொன்று எத்துணை பாரதூரமானது என்பதை முஸ்லிம் மக்கள் நன்கறிவர். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்று எனக் கூறப்பட்ட ஜனாஸாக்கள் உறவினரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டன. அடக்கமா தகனமா என்பதை அன்று ஒரு பரிசோதனை முடிவே தீர்மானித்தது. ஆகவே, உறுதிப்படுத்தும் மறுபரிசோதனையைக் கோரும் உரிமை ஒவ்வொருவருக்கும் சட்டபூர்வமாக வழங்கப்பட வேண்டும்.

அதனிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. நிறம் மாறிய பின்னர் அத்தொழிலாளியின் நிலை என்ன? வேலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லையெனில், காய்ச்சலை மறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கச் செல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. மாட்டிற்கு நோயென்று அறிவித்தால் நட்டஈடின்றிப் பால் விற்பனை தடைப்படுமெனில், எவரும் அறிவிக்க முன்வரார்.

எனவே, சுகாதார அமைச்சும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் இணைந்து, தோட்ட வைத்தியசாலைகளிலும் கால்நடை வைத்திய அலுவலகங்களிலும் இத்தகைய பரிசோதனைகளை இலவசமாக வழங்க முன்வர வேண்டும். தனிமைப்படுத்தப்படும் நாட்களுக்கான சம்பளத்தைத் தோட்டக் கம்பனிகளும் அரசும் பொறுப்பேற்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பட்டினி என்ற நிலை நீடிக்கும்வரை, எந்தப் பரிசோதனையும் மலையகத்தில் உண்மையை வெளிக்கொணராது என்பதே எமது கருத்தாகும்.