என் வயதை யாரும் படிக்கவில்லை

என்னைப் பிடித்த ராத்திரி எனக்கு வயது 17. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பிறந்த தேதி இருக்கிறது. ஸ்டேஷனில் 19 என்று எழுதினார்கள். "பிளஸ் டூ படிக்கிறேன் சார்" என்று கெஞ்சினேன். எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ரெண்டு வயசு எங்கிருந்து வந்தது?

அம்மா அந்த மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வாசல், வக்கீல் வீடு, கோர்ட் வராந்தா என்று அலைந்தாள். வயதில் சந்தேகம் வந்தால் பள்ளிச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு. சிறுவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ அடைக்கவே கூடாது என்கிறது 10-வது பிரிவு. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். போலீஸ்காரர்களே, உங்களுக்கு அன்றைக்கே தெரியுமே!

பெரியவர்கள் ஜெயிலில் 11 மாதம். கூட இருந்த தாத்தா ஒருத்தர் ரீஃபில் கொடுத்தார். வெறும் ரீஃபில். நூல் சுற்றிப் பிடித்தால்தான் வழுக்காது. 80 பக்க நோட்டில் கதை எழுதினேன். எல்லாக் கதையிலும் ஒரு பையன் இருப்பான். யாராவது அவனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வயசு தம்பி?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான் கதை. அதையே திரும்பத் திரும்ப எழுதினேன். எழுதாத ராத்திரிகளில் சுவரில் தலையை முட்டிக்கொள்ளத் தோன்றும்.

தமிழ்ப் பரீட்சை அன்று காலை 10 மணிக்குக் கம்பி ஓரமாக உட்கார்ந்தேன். எனக்கு நானே கேள்வி போட்டு, மூன்று பக்கம் கட்டுரை எழுதினேன், மார்ஜின்கூட விட்டு. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு காலியாகக் கிடந்திருக்கும். இந்தப் பேப்பரை யார் சார் திருத்துவார்கள்?

ஒருநாள் சோதனையில் அந்த நோட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதில் என்ன கத்தியா இருந்தது? கஞ்சாவா இருந்தது?

கடைசியில் ஒரு நீதிபதி மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிப் படித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கா அம்மா 11 மாதம் அலைந்தாள்? வழக்கு இப்போது இளைஞர் நீதிக் குழுமத்தில் இருக்கிறது. வாய்தா தவறாமல் போகிறேன். நான் செய்தேனா இல்லையா என்று விசாரிக்கட்டும். 19 என்று எழுதினவரை யார் விசாரிப்பது?

என் நோட்டு எங்கே? கடைசிக் கதை பாதியில் நிற்கிறது. பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.