நிறுத்திட்டு வாங்கன்னா, எதை நிறுத்துறது?

ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதறேன்.

தேர்வாய் கண்டிகை சிப்காட்ல ஒப்பந்த வேலை பார்க்கிற மாமாவுக்கு குடலிறக்கம். முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வெச்சு ஆபரேஷன்னு ஏற்பாடு. ஸ்டென்ட் வெச்சவர். "ஹார்ட் மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்திட்டு வாங்க"ன்னு ஆஸ்பத்திரில வாயால சொல்லி அனுப்பிட்டாங்க. மனுஷன் ஆஸ்பிரினை நிறுத்திட்டு குளோபிடோக்ரலை விடாம முழுங்கியிருக்கார்! டேபிள் வரைக்கும் போனப்புறம்தான் மயக்க மருந்து டாக்டர் கேட்டுக் கண்டுபிடிச்சு திருப்பி அனுப்பினார். அவருக்குக் கோயிலே கட்டலாம். ஆனா ஒரு வாரக் கூலி அம்பேல். "படிச்சுப் படிச்சு சொன்னோமே"ன்னு திட்டு வேற.

"ஹார்ட் மாத்திரையைத்தானே சொன்னாங்க, நிறுத்திட்டேனே மாப்ள"ங்கறார். அவர் மேல என்ன தப்பு? ரெண்டுமே ஹார்ட் மாத்திரைதானே!

ஆஸ்பிரின் மட்டும்னா பொதுவா முதுகு ஊசிக்குத் தடையில்ல. ஸ்டென்ட் இருந்தா அதைத் தொடரத்தான் பெரும்பாலும் சொல்வாங்க. குளோபிடோக்ரல்தான் 5லேர்ந்து 7 நாள் முன்னாடி நிக்கணும். மாமா செஞ்சது அப்படியே தலைகீழ். ரெண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையா வேற விக்கறாங்க, பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதை நிறுத்தினா ரெண்டும் நிக்கும், ஸ்டென்ட் அடைச்சுக்கிற அபாயம். வார்ஃபரின்னா கணக்கே வேற, ரத்தப் பரிசோதனையும் வேணும்.

பயம் காட்டலைங்க. தண்டுவடத்தைச் சுத்தி எலும்புக் கூண்டு. உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டினா விரிய இடமில்ல, நரம்பை நசுக்கும். ரொம்ப அபூர்வம்தான். ஆனா வந்துட்டா, 8 மணி நேரத்துக்குள்ள திறந்து எடுக்கலைன்னா கால் திரும்ப வர்ற வாய்ப்பு மளமளன்னு குறையும். எனாக்ஸபரின் மாதிரி ஊசி போட்டவங்களுக்கு இப்படி ஆனதை வெச்சு அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997லயே எச்சரிக்கை விட்டுச்சு.

2023ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல நெஞ்சு வலின்னு போனா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே குளோபிடோக்ரல் தர்றாங்க. நல்ல விஷயம். மாத்திரை கிராமம் வரைக்கும் வந்துடுச்சு, அதை எப்படி நிறுத்தறதுங்கற விவரம் மட்டும் இன்னும் வாய்வார்த்தைதானா?

பொட்டி தட்டுற நாங்க ஒரு வரி மாத்தினாக்கூட யாரு, எப்போ, ஏன்னு எழுதி வைக்கணும். எதுவும் புட்டுக்கிச்சுன்னா பழையபடி திருப்பற வழியும் சொல்லணும். இங்க ஒரு மனுஷனோட காலும் இதயமும் பணயம். தமிழ்ல ஒரு துண்டுச்சீட்டு போதும்: எந்த மாத்திரை, கடைசி வேளை என்னிக்கு, மறுபடி எப்போ, இதய டாக்டர்கிட்ட கேட்டாச்சா. எழுத நேரமில்லையாம். டேபிளை ரெடி பண்ணிட்டு ஆளைத் திருப்பி அனுப்ப மட்டும் நேரம் இருக்கு!

அடுத்த தேதி வாங்கியாச்சு. ரெண்டு டாக்டர்கிட்டயும் எழுதி வாங்கி, குளோபிடோக்ரலோட காலி அட்டையை மாமா வீட்டுக் காலண்டர்ல அந்தத் தேதி மேலயே ஒட்டிட்டு வந்திருக்கேன். டாக்டர் பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி.